பிப்ரவரியில் வாங்கிய மார்க்

செப்டம்பர் 22

நார்வேஜிய மொழி வகுப்பில் தினமும் பத்து வரி எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் மழை பெய்கிறது என்று எழுதினேன். மறுநாளும் மழை. அதற்கடுத்த நாள் காற்றும் சேர்ந்துகொண்டது. எனக்குத் தெரிந்த நார்வேஜியத்தை வைத்துக்கொண்டு வானத்தைத் தாண்டி ஒன்றும் சொல்ல முடியாது. நேற்று நடந்ததை எழுத வேண்டுமென்றால் தமிழில்தான் எழுத வேண்டும். டீச்சருக்குக் காட்ட வேறு நோட்டு இருக்கிறது.

நேற்று உள்ளூரில் ஃபுட்பால் மேட்ச். நானும் எஸ்லினும் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. டைட்டஸ் வழக்கம்போல எல்லோருக்கும் மேலே எழும்பினார். (கணவர் பெயரை எழுதினால் மாமியாருக்குக் கேட்காது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.) அந்தப் பக்கத்து ஆளும் எழும்பினான். இரண்டு மண்டையும் மோதிய சத்தம் என் இடம்வரை கேட்டது. தேங்காய் தரையில் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். டைட்டஸ் குப்புற விழுந்தார். நான் எழுந்து நின்றேன். எஸ்லினுக்கு நாலு வயது, அவளுக்கு அப்பா விழுவதும் எழுவதும் விளையாட்டின் ஒரு பகுதி. அவள் பாட்டுக்குச் சாசேஜ் தின்றுகொண்டிருந்தாள்.

பிறகு எழுந்துவிட்டார். கையை உயர்த்திக் காட்டினார். முரசு அடிக்கிற பையன்கள் அவர் பெயரைப் பாட்டாகப் பாடினார்கள். அதற்குப் பிறகும் பந்துகளை ஹெட் போட்டு விரட்டினார். ஜெயித்தோம்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தார். சாசேஜ் சரியில்லை என்றார். அதே சாசேஜை நானும் எஸ்லினும் தின்றிருந்தோம்.

இன்று உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு அவர் படம். கன்னியாகுமரிக் கடற்கரை மீனவக் கிராமத்தில் பிறந்தவர், கோவாவிலும் கொல்கத்தாவிலும் ஆடியவர், ஐந்து வருடமாகப் பின்வரிசையில் நின்று தடுக்கும் நம் ஊரின் ஸ்டாப்பர், இந்தியாவிலிருந்து வந்து இவ்வளவு காலம் இங்கே நிலைத்த ஆள் வேறு இல்லை என்றெல்லாம் போட்டிருந்தார்கள். எங்கள் கிளப் இந்த வருடம் முதல் டிவிஷனுக்குப் போனால் அதற்குக் காரணம் டைட்டஸின் தலை என்று எழுதியிருந்தது. படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். வெளிச்சம் கூசுகிறதாம்.

செப்டம்பர் 24

தலையில் அடிபட்டவர்களுக்குக் கிளப்பில் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். கொஞ்சம் வார்த்தைகள், கொஞ்சம் படங்கள் வரும். அவற்றை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்ல வேண்டும், விளக்கு எரிந்ததும் பட்டனை அமுக்க வேண்டும். சீசன் தொடங்குமுன் பிப்ரவரியில் எல்லோரும் இதை எழுதிவிடுவார்கள். அடிபட்டால் மறுபடி எழுதவைத்து, பிப்ரவரி மார்க்கோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் ஆடவிட மாட்டார்கள்.

டைட்டஸ் இன்று எழுதினார். அதே மார்க். ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதிலொரு வேடிக்கை இருக்கிறது. பிப்ரவரியில் அவர் வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதினார். தெரிந்த படத்தைத் தெரியாது என்றார், விளக்கு எரிந்த பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினார். பழைய கோல்கீப்பர் ஒருவன் சொல்லிக் கொடுத்த வித்தையாம். அப்போதே குறைவாக வாங்கி வைத்துக்கொண்டால் எவ்வளவு அடிபட்டாலும் அந்த அளவைத் தொட்டுவிடலாம். கிளப்பில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் பாஸாக முடியாமல் தவித்தவர் இங்கே ஃபெயிலாக உழைத்தார் என்று சொல்லி நானும் சிரித்தேன்.

அக்டோபர் 5

மாமியார் போனில் ஒரே சந்தோஷம். "இன்னிக்கு ரெண்டு தடவ விளிச்சான் எனக்க பிள்ள. காலத்தேயும் விளிச்சான், மதியமும் விளிச்சான். சாப்பிட்டியாம்மான்னு ரெண்டு தடவயும் கேட்டான். எந்த அம்மைக்கு இப்பிடி ஒரு மொவன் கிட்டும்?"

இரண்டு தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். இரண்டாவது தடவை போனை எடுக்கும்போது "அம்மாவ விளிச்சு ஒரு வாரமாச்சு" என்றார்.

அன்பு கூடிவிட்டது போல.

அக்டோபர் 9

இப்போதெல்லாம் காரை நான்தான் ஓட்டுகிறேன். பனிக்காலம் வருமுன் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும் அல்லவா. அவரைப் பயிற்சிக்குக் கொண்டுவிட்டு, எஸ்லினைப் பாலர் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போகிறேன். எனக்கு மீன் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. தன்னைப் போல மீன் சுமக்கக் கூடாதென்று அம்மா என்னை பி.காம் படிக்கவைத்தாள். சால்மனை நான் சுமப்பதில்லை, லேபிள் மட்டும்தான் ஒட்டுகிறேன் என்று அவளைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 13

டீம் பையன்கள் ஆறேழு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வாசலில் நானே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றேன். "வா மத்தியாஸ், உள்ளே வா. டைட்டஸ், மத்தியாஸ் வந்திருக்கிறான் பாருங்கள்." "எமில், கோட்டை இங்கே மாட்டு." நீ நல்ல மரியாதை தெரிந்த பெண் என்று எமில் பாராட்டினான். நான் இப்படியெல்லாம் முன்பு செய்ததில்லை. நன்றாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

சாப்பிடும்போது மத்தியாஸைப் பார்த்து, உனக்கு எந்த ஊர் என்று கேட்டார். மூன்று வருடமாகப் பக்கத்தில் நின்று ஆடுகிற பையன். அவன் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான். நானும் சத்தமாகச் சிரித்துவைத்தேன்.

அக்டோபர் 27

வெளியூர் மேட்ச். டிவியில் பார்த்தேன். இன்று பெரிய மோதல் ஒன்றுமில்லை. பந்து மேலேயிருந்து வந்தது, ஹெட் போட்டார், இறங்கும்போது ஒருவனுடைய முழங்கை நெற்றிப்பொட்டில் பட்டது. விழக்கூட இல்லை. நின்றார். பிறகு மெதுவாக நடந்து எதிரணியின் கோல் பக்கம் போய், அங்கே தடுப்பதற்குத் தயாராக நின்றுகொண்டார்.

வர்ணனையாளர் ஏதோ சொல்லிச் சிரித்தார். மத்தியாஸ் ஓடிவந்து தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனான். உடனே மாற்று ஆளை இறக்கினார்கள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். ஒரு மாதமாக இதை எழுதாமல் இருக்கத்தான் மழையையும் மீனையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 30

டெஸ்டில் பாஸ். பிப்ரவரி மார்க்கும் இதுவும் ஒன்றே. கிளப் டாக்டர் இங்கேர் கைகுலுக்கினாராம். ஒரு வாரம் ஓய்வு, பிறகு ஆடலாம்.

எனக்கு உயிர் திரும்ப வந்தது. கம்பெனியில் சால்மன் தலையைக் கேட்டால் சும்மாவே தருவார்கள், இவர்களுக்கு அதன் அருமை தெரியாது. டப்பா தேங்காய்ப்பாலை ஊற்றித் தலைக்கறி வைத்தேன். டைட்டஸ் சாப்பிட்டார். எப்போதும் கண்ணைத் தனக்கென்று கேட்டு வாங்குவார், இன்று கேட்கவில்லை. களைப்பு.

நவம்பர் 2

மூன்று நாளாக முகம் சரியில்லை. பாஸாகிவிட்டு யாராவது இப்படி உட்கார்ந்திருப்பார்களா? எஸ்லின் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, கிண்டலாகத்தான் கேட்டேன்.

"இந்தத் தடவயும் வேணுமின்னே தப்பா அமத்தினீங்களா? இங்கேர் பாவம், ஒவ்வொரு தடவயும் ஏமாறுது."

"இல்ல பிள்ள."

"என்ன இல்ல?"

"இந்தத் தடவ நான் ஒழுங்காத்தான் எழுதினேன். எனக்கே தெரியணுமின்னு இருந்து. ஒண்ணு விடாம யோசிச்சு, எனக்கு முடிஞ்ச மட்டும் எழுதினேன்."

"அப்பம் மார்க்கு?"

"அதே மார்க்குதான்."

கத்தியைக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே முட்டாளாக நடித்து வாங்கிய மார்க்கை, இப்போது முழு மூச்சாக முயன்று வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்து இங்கேர் கைகுலுக்குகிறார். பிப்ரவரியில் ஒழுங்காக எழுதியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு போய்விட்டது என்று அளக்க வழியே இல்லை.

வெங்காயம் இருந்ததால் கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 3

பேசி முடிவெடுத்தோம். இன்னும் ஒரே ஒரு முக்கியமான ஆட்டம்தான். முப்பதாம் தேதி. அதில் ஜெயித்தால் கிளப் வரலாற்றில் முதல்முறையாக முதல் டிவிஷன். அவருக்கு இன்னும் மூன்று வருடம் ஒப்பந்தம். ஆட்டம் முடிந்ததும் ஊருக்குப் போய், நாகர்கோவிலில் யாருக்கும் தெரியாமல் நல்ல டாக்டராகப் பார்ப்பது. இங்கே பார்த்தால் கிளப்புக்குத் தெரிந்துவிடும்.

"நீங்க அதுவரைக்கும் ஹெட் போடாதீங்க" என்றேன். சிரித்தார். ஸ்டாப்பரை ஹெட் போடாதே என்று சொல்வது உன்னை லேபிள் ஒட்டாதே என்று சொல்வதைப் போல என்றார்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் கேட்டார். வெறும் வாயால் சொன்னதை ஏற்கவில்லை. எஸ்லினைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். பிள்ளை தலையில் செய்த சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் ஊரில் கடலைப் பார்த்துப் பொய் சொல்கிறவன்கூட இதைச் செய்யமாட்டான். ஆனாலும் செய்தேன். எஸ்லின் என்ன விளையாட்டு என்று கேட்டாள்.

நவம்பர் 11

கொழுந்தன் ஊரிலிருந்து ஃபிளெக்ஸ் படம் அனுப்பியிருக்கிறான். கோயில் முக்கில் வைத்திருக்கிறார்கள். பந்தை டைட்டஸ் ஹெட் போடுகிற படம், ஆள் உயரத்துக்கு. கீழே இளைஞர் மன்றத்துப் பையன்கள் எல்லோருடைய முகமும் வட்ட வட்டமாக. முப்பதாம் தேதி பாரிஷ் ஹாலில் திரை கட்டி மேட்ச் போடுகிறார்களாம். மாமியார் மாதாவுக்கு நேர்ச்சை நேர்ந்திருக்கிறார்.

டைட்டஸ் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நன்றாக இருக்கிறது, யார் அனுப்பினது என்று கேட்டார்.

நவம்பர் 16

பயிற்சி முடியும்வரை மைதானத்துக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டேன். எஸ்லினுக்குப் பாட்டுப் போட்டுவிட்டு நான் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். கோச் ஓரத்திலிருந்து உயரமாகப் பந்துகளை அடிக்கிறார், இவர் எழும்பி எழும்பி விரட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினாலும் சத்தம் கேட்கிறது, அது என் கற்பனைதான், கார் கண்ணாடி ஏற்றியிருக்கிறது.

இங்கேர் என்னைக் கடந்து போனார். கண்ணாடியைத் தட்டி, குளிரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்ல பெண். நான் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பின் சீட்டில் எஸ்லின் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலை கண்ணாடியில் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

நவம்பர் 20

நல்ல பனி. எஸ்லினை அவளுடைய சின்னப் பனிவண்டியில் உட்காரவைத்து, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு டைட்டஸ் கடைக்குப் போனார். பால் வாங்கத்தான். கடை, தெருக்கோடியில் திரும்பினால் வரும். எதிரே பெரிய ரோடு, மீன் லாரி போகிற ரோடு. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. ஷூவிலிருந்த பனியைத் தட்டினார். பாலை மேஜைமேல் வைத்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். ஹீட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைச் சூடு காட்டினார்.

"எஸ்லின் எங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பள்ளிக்கூடத்துல இல்லியா?" என்றார்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். காலுறையோடு பனியில் ஓடினேன். தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. அந்த லாரி போய் முடியும்வரை எனக்கு எதிர்ப்பக்கம் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் மாதாவிடம் என்னென்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.

கடை வாசலில், வண்டியில், விட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியிலெல்லாம் பனி. யாரும் எதுவும் கேட்கவில்லை, இந்த ஊரில் பிள்ளைகளைக் கடைக்கு வெளியே விட்டுப் போவது வழக்கம்தான். அப்பா பால் வாங்குகிறார், அசையாமல் இரு என்று சொல்லியிருக்கிறார், அதனால் அசையவில்லை என்றாள். உதடு நீலமாக இருந்தது. அவளைத் தூக்கி என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

டைட்டஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதற்குள் நினைவு வந்திருந்தது. "எனக்கு என்னாச்சு, ஜெசி?" என்று கேட்டார். அவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 21

காலையில் ஒன்றும் நடக்காததுபோல ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்று கொஞ்சம் கவனமில்லாமல் இருந்துவிட்டேன், மேட்ச் நினைப்பு என்றார்.

சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நாளில்தான் பிள்ளை பனியில் உட்கார்ந்திருந்தாள். இனி எதற்கு நான் பயப்பட வேண்டும் என்றே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன்.

நவம்பர் 22

இங்கேரின் அறைக்குப் போனேன். எஸ்லினைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் போனேன், அவள் பக்கத்தில் இருந்தால் வாய் வராது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பிப்ரவரியில் செய்த வித்தையைச் சொன்னேன். கடைசி டெஸ்டை ஒழுங்காக எழுதினார் என்றேன். இங்கேருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். அப்படியானால் இவருடைய உண்மையான மார்க் என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது என்றேன். பிறகு பால் வாங்கப் போன கதையைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது ஆங்கிலம் போய்விட்டது. தமிழிலேயே கொஞ்சம் சொன்னேன். இங்கேர் இடைமறிக்கவில்லை.

எத்தனை நாளாக வீட்டில் இப்படி என்று கேட்டார். செப்டம்பரிலிருந்து என்றேன். கிளப்பில் ஒருவருக்கும் தெரியவில்லையே என்றார். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நான்தான் என்று எப்படிச் சொல்வது.

நான் எழுந்திருக்குமுன்பே இங்கேர் கோச்சுக்குப் போன் செய்தார். முப்பதாம் தேதி டைட்டஸ் ஆட முடியாது. பெரிய நகரத்து மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆட முடியுமா என்று இப்போது கேட்காதே என்றார்.

நவம்பர் 23

கோச் டைட்டஸைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். யார் தகவல் கொடுத்தது என்று சொல்லவில்லை. இவர் வீட்டுக்கு வந்து கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்கக் கால ஒடிச்சுப் போட்டிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். இனி ஊருல எந்த மூஞ்சிய வச்சிட்டு இறங்குவேன்? பிள்ளைக்கத் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவ நிய்யி. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது ஒன்னாலதான்."

எஸ்லின் அங்கேயே நின்றாள். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, என் தலைக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நவம்பர் 26

பேசவில்லை. எஸ்லின் அறையில் படுத்துக்கொள்கிறார். நான் வைக்கிற சாப்பாட்டைச் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார். எஸ்லின் குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றவிட மாட்டேன் என்கிறாள்.

நவம்பர் 28

மாமியார் விளித்தார். முட்டில் அடி என்று டைட்டஸ் சொல்லியிருக்கிறார். ஒரு ஆயில்மென்ட் பெயரைச் சொல்லி அதைத் தடவு என்றார். ஃபிளெக்ஸை எடுக்கவில்லையாம், திரையும் கட்டத்தான் போகிறார்களாம். அவன் ஆடாவிட்டாலும் அவன் டீம்தானே என்றார். நல்ல மனுஷி.

ஸ்கேன் ஐந்தாம் தேதி. நானும் கூடப் போக வேண்டும் என்று இங்கேர் சொல்லியிருக்கிறார். டைட்டஸ் என்னோடு ஒரே காரில் வருவாரா என்று தெரியவில்லை.

நவம்பர் 30

மைதானத்துக்கு வந்து உட்காரச் சொல்லி கிளப்பில் கேட்டார்கள். மறுத்துவிட்டார். வீட்டில் டிவியில் பார்த்தோம். சோபாவின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான், நடுவில் எஸ்லின்.

அவர் இடத்துக்கு மத்தியாஸை மாற்றி நிறுத்தியிருந்தார்கள். முதல் பாதியில் தடுமாறினான், பிறகு பிடித்துக்கொண்டான். கடைசியில் எமில் ஒரு கோல் போட்டான். விசில் ஊதியதும் கூட்டமே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. முதல் டிவிஷன். முரசுப் பையன்கள் முதலில் பாடியது டைட்டஸின் பாட்டுதான். ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பாடினார்கள்.

டைட்டஸ் எழுந்து நின்று கைதட்டினார். எஸ்லினைத் தூக்கிச் சுற்றினார். அவள் சிரித்தாள். பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை, என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் கை என்மேல் பட்டது. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டேன், அதை மறைக்க மாட்டேன்.

டீ போட அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் மனசிலாவல்ல, ஜெசி. இங்கேருகிட்ட யாரு போய்ச் சொன்னது? மத்தியாஸாத்தான் இருக்கும். எனக்க எடம் வேணுமின்னு காத்துக்கிட்டு இருந்தான். அவன விளிச்சு நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன்."

கெட்டிலைப் பிடித்தபடியே நின்றேன். முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. இருபத்து மூன்றாம் தேதி என்னிடம் பேசியது அவர் நினைவில் இல்லை. ஏன் என்னோடு பேசாமல் இருந்தோம் என்பதும் இப்போது அவரிடம் இல்லை.

"நிய்யி மட்டுந்தான் எனக்குத் தொணையா நின்ன," என்றார். "அத நான் மறக்கமாட்டேன்."

அவர் கையில் போன் இருந்தது. மத்தியாஸின் பெயர் திரையில் தெரிந்தது, அமுக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் போதும். நாளைக்கு அவர் மத்தியாஸோடு சண்டை போட்டுக்கொள்வார். என் கணவர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவார், இங்கேர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். இந்த வாரம் முழுக்க நான் ஜெபம் பண்ணிக் கேட்டது இதைத்தான். தண்ணீர் கொதித்துக் கெட்டில் தானாக அணைந்துவிட்டது.

அவர் விரல் திரைக்குப் போனது. போனை வாங்கிக் கீழே வைத்தேன்.

"மத்தியாஸ் இல்ல. நாந்தான் சொன்னேன்."

முகம் மாறியதைப் பார்த்தேன். அன்றைக்கு மாறியதைப் போலவே, முதலில் வாய், பிறகு கண். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கக் கால ஒடிச்சுப் போட்டிருந்தாலும்..." என்று மெதுவாகத் தொடங்கினார்.

அடுத்து ஊர் வரும், அதற்கடுத்துப் பிள்ளையின் தலை வரும். எஸ்லின் கதவருகில் வந்து நின்றிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த அறையில் பாட்டுப் போட்டு உட்காரவைத்தேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, அவர் முன்னால் நின்று, மீதியைக் கேட்டேன்.